சீத்தா கேம்ப் முதல் தாராவி வரை: பிள்ளைகளின் உடல்நலமும் மாணவர் முயற்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை சீத்தா கேம்ப்பில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள். ஆறாம் வகுப்பும் உண்டு, பன்னிரண்டாம் வகுப்பும் உண்டு. சில ஆண்டுகளாக இவர்கள் தங்கள் தெருவின் புகை, வெயில், மழைத்தண்ணீர் மூன்றையும் நோட்டில் குறித்து வைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு எழுதிக் கேட்டு வருகிறார்கள். இப்போது கோவண்டி, செம்பூர், தாராவி பக்கமிருந்தும் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காலநிலை மாற்றம் என்றால் எங்கேயோ பனிமலை உருகுவது. என் பிள்ளையின் இருமலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன. நிலக்கரியோ டீசலோ குப்பையோ எரியும்போது வெளிவரும் கரியமில வாயு மேலே போய் பூமியைச் சூடாக்குகிறது. அதே நெருப்பிலிருந்து வரும் நுண்துகள் மேலே போகாமல் நம் தெருவிலேயே சுற்றுகிறது, பிள்ளையின் மூக்கில் ஏறுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தேவனார் டம்பிங் கிரவுண்டில் 1927 முதல் குப்பை கொட்டுகிறார்கள். மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது. அது பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது, எளிதில் தீயும் பிடிக்கும். 2016 ஜனவரிக் கடைசியில் அங்கே பிடித்த தீயின் புகை நாசாவின் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். அந்த வாரம் கொடியில் காயப்போட்ட இட்லித் துணியை எடுத்து உதறினால் கையெல்லாம் கரி. வாசல் கதவின் அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைத்தோம். அதே துண்டை விடியற்காலையில் எடுத்துப் பார்த்தால், வெளிப்பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

வெயிலும் மழையும் தனி. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் மழை வந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்ததை அனுபவித்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு நாளை மட்டும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த மாதிரி நாட்களுக்கு நம் நாலாக்கள், அதாவது மழைநீரும் கழிவுநீரும் ஓடும் கால்வாய்கள், தயாராக இல்லை என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

எல்லோரும் இதே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்? குழந்தைகளுக்கு மட்டும் ஏன் அதிக பாதிப்பு?

பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கைக்குழந்தை 30 முதல் 60 தடவை விடுகிறது. உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பிள்ளைகள் உள்ளே இழுக்கும் காற்றும், அதோடு வரும் அழுக்கும், நம்மைவிட அதிகம். அவர்கள் ஓடுவார்கள், வாயால் மூச்சு வாங்குவார்கள். இன்னொன்று, உயரம். மூன்று வயதுப் பிள்ளையின் முகம் டெம்போவின் சைலன்சருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தாராவியின் 90 அடி ரோட்டில் ஒருமுறை நின்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிறக்கும்போது நுரையீரல் முழுதாக உருவாகியிருக்காது. காற்றுப் பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. பதின்ம வயது முடிகிறவரை நுரையீரல் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வயதில் வளராமல் போனதைப் பிறகு டானிக் கொடுத்து வளர்க்க முடியாது.

இதைச் சொன்னால் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். அதனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரலை வருடக்கணக்கில் அளந்தார்கள். அழுக்குக் காற்றுள்ள ஊர்ப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி குறைவாக இருந்தது. அப்புறம் சட்டம் போட்டு அங்கே காற்றைச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்தைய பிள்ளைகளைவிட நன்றாக வளர்ந்திருந்தது. காற்று சுத்தமானால் பிள்ளையின் மார்பு விரிகிறது. நாங்கள் எழுதும் மனுக்களுக்கெல்லாம் அடிப்படை இந்த ஒரு செய்திதான்.

மும்பைக்குக் கடல் காற்று இருக்கிறதே? டெல்லி மாதிரியா?

கடல் காற்று பெரிய கொடைதான். பகலில் அது அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் குளிர்காலத்தில் அது வலுவிழந்துவிடும். அக்டோபர் முடிந்தால் கட்டட வேலைத் தூசி, வண்டிப் புகை, குப்பைப் புகை எல்லாம் கீழேயே தங்கிவிடும். 2023 அக்டோபரில் நிலைமை மோசமாகி, பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் 101 முதல் 200 வரை 'மிதமானது' என்று வரும். அந்தச் சொல்லைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அந்த அளவிலேயே ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சிரமம் வரலாம் என்று அதே வாரியத்தின் விளக்கம் சொல்கிறது. பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு நம் நாட்டு ஆண்டு வரம்பு, 2009 முதல், ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 5. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

என் மகனுக்கு இளைப்பு. டாக்டர் பம்ப் (இன்ஹேலர்) எழுதிக்கொடுத்தார். "பம்ப் வைத்தால் பழகிவிடும், அப்புறம் விடவே முடியாது" என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. டாக்டர் சொன்னபடி கொடுங்கள். பம்ப் போதைப் பழக்கத்தை உண்டாக்காது. மாத்திரையோ சிரப்போ வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வர வேண்டும். பம்ப் மருந்து நேராக நுரையீரலுக்கே போகிறது. அதனால்தான் அளவும் மிகக் குறைவு, மைக்ரோகிராம் கணக்கு.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அடித்தால் பாதி மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். "பம்ப் வேலை செய்யவில்லை" என்று சொல்லும் வீடுகளில் பல நேரம் ஸ்பேசர்தான் இருக்காது. அதேபோல, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு பம்ப் வேறு, மூச்சு முட்டும்போது எடுக்கும் பம்ப் வேறு. இருமல் நின்றதும் தடுப்பு பம்பைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஓடுகிறார்கள்.

பள்ளியிலும் சொல்லி வையுங்கள். மூச்சு முட்டும்போது எடுக்கும் பம்ப் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும், ஆசிரியரின் பூட்டிய அலமாரியில் வேண்டாம். எங்கள் மாணவர்கள் ஒரு பள்ளியில் முதலில் கேட்டு வாங்கியதே இந்த அனுமதிதான். ஒரு பக்க மனு. இரண்டு நாளில் சரி என்றுவிட்டார்கள்.

மாஸ்க் போட்டால் போதாதா?

துணி மாஸ்க் நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. என்-95 தடுக்கும், ஆனால் சின்ன முகத்தில் ஓரம் ஒட்டாமல் நின்றால் பயனில்லை. தீ, புகை நாட்களில் வெளியே போகத்தான் வேண்டும் என்றால் பெரிய பிள்ளைகளுக்கு உதவும். ஓடி விளையாடும்போது போடச் சொல்லாதீர்கள். அந்த நாட்களில் ஓட்டத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். நாங்கள் சொன்னால் யார் கேட்பார்கள் டீச்சர்?

கேட்டிருக்கிறார்கள். எப்போதும் இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

2009இல் லக்னோவில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி, தன் பள்ளிக்கு எதிரே குவிந்த குப்பை பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டாள். குப்பை போய் அந்த இடத்தில் நூலகம் வந்தது. 2017இல் உத்தராகண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே, ஒன்பது வயதில், அரசு காலநிலைக்குப் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019இல் அந்த மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு அவரும் வேறு நாடுகளைச் சேர்ந்த பதினைந்து பிள்ளைகளும் ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். முதலில் உங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்குப் போங்கள் என்று 2021இல் அதையும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டுப் பிள்ளையைப் பாதித்தால் புகைவிட்ட நாடும் பொறுப்பாகலாம் என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. 2023இல் அதே குழு, சுத்தமான சூழல் குழந்தைகளின் உரிமை என்று 26ஆவது பொதுக் கருத்துரையை வெளியிட்டது. அதற்கு 121 நாடுகளிலிருந்து 16,331 பிள்ளைகளின் கருத்துகள் போயின. தோற்ற மனுக்களின் மேல் ஏறி நின்றுதான் அது எழுதப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

நம் ஊர்க் கதை ஆரே காடு. 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது, அன்று இரவே மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டத் தொடங்கினார்கள். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே பொதுநல மனுவாக எடுத்து அக்டோபர் 7 அன்று மரம் வெட்டுவதை நிறுத்தியது. ஒரு கடிதம்! ஆனால் அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன. பணிமனையும் பின்னாளில் அங்கேயே வந்தது. அதனால்தான் எங்கள் பிள்ளைகளிடம் சொல்வேன்: மரத்தில் ஆட்சேபணை கேட்டு நோட்டீஸ் ஒட்டும் அன்றே எழுதுங்கள். கோடாரி வந்தபிறகு எழுதும் கடிதத்துக்கு ஓட வேண்டிய தூரம் அதிகம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நாற்பது பக்க நோட்டிலிருந்து. முழக்கம், பேனர், பெயர், லோகோ எல்லாம் அப்புறம்.

தினமும் நான்கு விஷயங்கள் எழுதுங்கள். தேதி, நேரம், எங்கே என்ன பார்த்தீர்கள், உடம்புக்கு என்ன ஆனது. "புகை அதிகமாக இருந்தது" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் இப்படி இருந்தது: "இரவு 9.20. நாலா ஓரம், மூன்றாவது கம்பத்தின் கீழே ஒயர் எரிக்கிறார்கள். காப்பர் எடுக்க. புகை கறுப்பு, பிளாஸ்டிக் வாடை. தம்பி ஜன்னலை மூடச் சொன்னான். 10.05க்கு அணைந்தது." ஆறு வாரம் அவள் எழுதினாள். எண்ணிப் பார்த்தால் எரிந்த நாட்களில் பாதிக்கு மேல் சனிக்கிழமை இரவு, அதே கம்பம். அந்த நோட்டின் நகலோடு மனு போனபோது வார்டு அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "இந்த மூன்றாவது கம்பம் எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது?" என்பதுதான். அவர் ஆளை அனுப்பும் எண்ணத்தில் இருக்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்தது.

வெயிலுக்கு இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள், சுவரில் மாட்டும் சாதாரண வகை போதும். ஒன்றை வெளியே நிழலில் மாட்டுங்கள், இன்னொன்றைத் தகரக் கூரை வீட்டுக்குள், பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் உயரத்தில். மதியம் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள். இரவில் வெளியே இறங்கிய சூடு உள்ளே இறங்காமல் நிற்பதை எங்கள் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். கடற்கரை ஊர்களில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கும். அந்த அறிவிப்பு வராத நாளிலும் ஈரக் காற்றில் வியர்வை காயாமல் பிள்ளைகள் தகர வீட்டில் துவண்டு கிடப்பார்கள். அதைக் காட்டக்கூடிய ஒரே சாட்சி உங்கள் நோட்டு.

யாருக்கு எழுதுவது? எந்த மொழியில்?

குப்பை எரிப்பு, நாலா, கொசு, கட்டடத் தூசி எல்லாம் மாநகராட்சி வார்டு அலுவலகம். கோவண்டி, தேவனார், சீத்தா கேம்ப் எல்லாம் எம் கிழக்கு வார்டு. தாராவி ஜி வடக்கு. அவசரம் என்றால் 1916க்கு போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆலைப் புகை என்றால் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதன் தலைமை அலுவலகம் சயானில்தான் இருக்கிறது, தாராவிப் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம்.

மராத்தியில் எழுதுங்கள். தமிழில் யோசித்து, நோட்டில் தமிழில் எழுதி, பிறகு மராத்தி நன்றாகத் தெரிந்த வகுப்புத் தோழனை அருகில் உட்கார வைத்து மாற்றி எழுதுங்கள். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: மராத்திப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் உங்களோடு சேர்ந்துவிடுவார்கள். புகைக்கு மொழி கிடையாது, மனுவில் எல்லா மொழிக் கையெழுத்தும் இருந்தால் அதன் எடையே வேறு.

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் 'இன்வர்ட்' முத்திரையும் (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை) தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான்.

சட்டத்தையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய் அபராதம் விதித்தது, பெரிய அளவில் எரித்தால் 25,000. அந்த அபராதம் கடைசியில் யார் தலையில் விழும் என்பதை மட்டும் யோசித்து எழுதுங்கள். ஒயர் எரித்துப் பிழைக்கும் ஆள்மேல் விழுந்து, மூட்டை மூட்டையாக ஒயரை அனுப்பும் கோடவுன்காரர் தப்பிவிட்டால் அது நியாயம் இல்லை. எங்கள் மனுவில் கோடவுனைப் பற்றித்தான் எழுதினோம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பிள்ளைகள் கேட்கலாமா?

2005ஆம் ஆண்டுச் சட்டம் 'குடிமக்கள்' என்றுதான் சொல்கிறது, வயது வரம்பு வைக்கவில்லை. ஆனாலும் பெற்றோர் பெயரில் போட்டுவிடுவது எளிது. மகாராஷ்டிரத்தில் மனு ஒரே விஷயத்தைப் பற்றி, பொதுவாக 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

'ஏன்' என்று கேட்காதீர்கள். அதிகாரி காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. 'எத்தனை', 'எந்தத் தேதியில்', 'நகல் தருக' என்று கேளுங்கள். "எங்கள் வார்டில் குப்பை எரித்ததற்காக ஒவ்வொரு மாதமும் எத்தனை பேரிடம் அபராதம் வசூலிக்கப்பட்டது?" என்பது நல்ல கேள்வி.

பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கலாம்?

காசு செலவில்லாத விஷயங்களில் தொடங்குங்கள். 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். நம் பள்ளியிலும் அடிக்கச் சொல்லலாம். கழிப்பறை சுத்தமாக இல்லாததால் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. அதையும் அதே மனுவில் எழுதுங்கள், இல்லாவிட்டால் மணி அடித்தும் பயனில்லை. பள்ளி வாசலில் வேன்கள் இன்ஜினை ஓடவிட்டு நிற்பதை நிறுத்தச் சொல்லலாம். உதிர்ந்த இலையை மைதானத்தில் எரிக்க வேண்டாம் என்று கேட்கலாம். புகை அதிகமான நாளில் பி.டி. வகுப்பை உள்ளே வைக்கச் சொல்லலாம்.

அடுத்தது மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது. அகமதாபாத் 2010 கோடையில் நிறைய உயிர்களை இழந்து, 2013இல் வெப்பச் செயல்திட்டம் போட்ட நகரம். அங்கே குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். சுண்ணாம்பும் பெரிய பிரஷ்ஷும் கிடைத்தால் உங்கள் தெருவிலும் செய்யலாம். ஆனால் தகரத்தின் மேல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெட்டோ புண்ணோ இருந்து அந்தத் தண்ணீரில் நடந்திருந்தால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி டிஸ்பென்சரிக்குப் போங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். நோட்டில், தண்ணீர் எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் நின்றது, முழங்காலா இடுப்பா என்று எழுதி வையுங்கள்.

தாராவி மறுவளர்ச்சியில் அங்கேயே வீடு பெறத் தகுதி இல்லாதவர்கள் என்று விடப்படும் குடும்பங்களை தேவனாருக்கு அனுப்பப் போகிறார்கள் என்கிறார்களே. மாணவர்கள் இதைப் பற்றிக் கேட்கலாமா?

கட்டாயம் கேட்க வேண்டும். போகப்போவது நீங்கள்தானே. தாராவி மறுவளர்ச்சிக்காக தேவனார் குப்பை மேட்டில் 124 ஏக்கரைக் கொடுக்க மாநில அரசு 2024இல் முடிவு செய்தது. மூடப்பட்ட குப்பை மேட்டிலிருந்தும் பல ஆண்டுகளுக்கு மீத்தேனும் கசிவு நீரும் வரும். அதனால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு, பள்ளி, மருத்துவமனை கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். அங்கே குவிந்திருப்பது சுமார் 185 லட்சம் டன். அதை எப்போது முழுதாக அகற்றுவார்கள், அகற்றிய பிறகு மண்ணையும் காற்றையும் யார் அளப்பார்கள், அளந்ததை எங்கே வெளியிடுவார்கள், முதல் குடும்பம் வருமுன் பள்ளியும் டிஸ்பென்சரியும் திறந்திருக்குமா என்ற கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதிக் கேளுங்கள்.

இதில் எனக்குத் தனிப்பட்ட கவலை உண்டு. சீத்தா கேம்ப்பே அப்படி உருவானதுதான். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்தச் சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். மண் கொட்டி மேடாக்கியது நம் பெரியவர்கள்தான். இன்னொரு தலைமுறைப் பிள்ளைகளை முதலில் இறக்கிவிட்டு, வசதியை அப்புறம் பார்ப்போம் என்று சொல்ல விடக்கூடாது.

பக்கத்திலேயே நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. கோவண்டியில் மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலையை எதிர்த்து அங்குள்ள மக்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். அதை இரண்டு ஆண்டுக்குள் இடம் மாற்ற வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் அப்பா விறகு அடுப்பு பேக்கரியில் வேலை செய்கிறார். புகைக்கு எதிராக நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

இதைக் கேட்ட பையன் மூன்று வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கேட்டதற்காக அவனை நான் பாராட்டினேன்.

2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் கேஸுக்கோ மின்சாரத்துக்கோ மாற வேண்டும் என்றது. மாறுவதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாத முதலாளி கடையை மூடுவார், உன் அப்பா வீட்டுக்கு வருவார். அதே சமயம், அந்தப் புகையை நாள் முழுதும் மிக நெருக்கத்தில் சுவாசிப்பவரும் உன் அப்பாதான். ஆகவே "பேக்கரியை மூடு" என்று எழுதாதே. "அடுப்பு மாற்ற மானியமும் கேஸ் இணைப்பும் கொடுங்கள், அடுப்பு மாற்றும் நாட்களுக்கு வேலையாட்களின் கூலியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுது. எழுதியதை முதலில் அப்பாவிடம் படித்துக் காட்டு. அவர் ஏதாவது திருத்தினால் திருத்து, அடுப்பைப் பற்றி நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். அந்தப் பையனின் அப்பா மனுவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: சிம்னி உயரம் பற்றி. அதுதான் மனுவிலேயே நல்ல வரி.

ஊர்வலம், போராட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா? வீடியோ போடலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், பெற்றோர் கூடவே வந்தால் மட்டும். மும்பையில் ஆர்ப்பாட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆசாத் மைதானம், போலீஸ் அனுமதியும் வேண்டும். ஆரேயில் 29 பேர் கைதானார்கள், அதில் மாணவர்களும் உண்டு. கூட்டம் காட்டுவதற்காகப் பிள்ளைகளை அழைக்கும் பெரியவர்களுக்கு நான் முகத்துக்கு நேராகவே மறுத்துவிடுவேன். பிள்ளைகள் பேச வந்தவர்கள், பேனர் பிடிக்க வந்தவர்கள் இல்லை.

புகையை வீடியோ எடுங்கள், இடமும் நேரமும் சொல்லுங்கள். நெபுலைசர் மாட்டியிருக்கும் தம்பியின் முகத்தைப் போடாதீர்கள். அவன் பெரியவனான பிறகும் அது அங்கேயே இருக்கும்.

படிப்பு கெட்டுப்போகாதா?

வாரம் இரண்டு மணி நேரம்தான். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் டிசம்பருக்குப் பிறகு நோட்டைத் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிட வேண்டும், இது எங்கள் விதி. தெர்மாமீட்டர் கணக்கைப் படமாக வரையப் பழகிய பிள்ளைகளுக்குப் புள்ளியியல் பாடம் இனித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மனு கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. என்ன செய்வது?

முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு அதே கவுண்டருக்குப் போங்கள். "இந்த எண், இந்தத் தேதி, என்ன ஆனது?" என்று மட்டும் கேளுங்கள். கோபம் வேண்டாம். நினைவூட்டல் கடிதம் ஒன்று கொடுத்து அதற்கும் முத்திரை வாங்குங்கள். அப்புறம் அந்த மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். எங்களுடைய ஒரு மனுவுக்கு ஐந்தாவது தடவைதான் பதில் வந்தது. நான்காவது தடவை போனபோது கவுண்டரில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் ரிஜிஸ்டரைத் தாமே புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

என் பள்ளியில் நான் ஒருத்திதான் இதில் ஆர்வமாக இருக்கிறேன். தனியாக எதுவும் செய்ய முடியுமா அக்கா?

மூன்றாவது கம்பத்தைப் பற்றி எழுதியவளும் முதல் நான்கு வாரம் தனியாகத்தான் எழுதினாள். ஐந்தாவது வாரம், அவள் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு உருது மீடியம் பெண் அதே நோட்டில் எழுதியிருந்தாள். அந்த இரண்டு பக்கம் உருதுவில் இருக்கிறது. நாங்கள் அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தோம். நீ இன்று இரவே தேதியைப் போட்டுத் தொடங்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வா, அம்மாவையும் கூட்டி வா.